மரம் நிம்மதியாக இருக்கிறது

எங்கள் ஊர் பூங்காத் துறையிலிருந்து ஒரு அதிகாரி எங்கோ பயிற்சிக்குப் போய்வந்தார். போன இடத்தில் அவருக்கு உருப்படியான விஷயம் ஒன்றைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மரத்துக்கு வாய் கிடையாது, ஆனால் உடம்பு இருக்கிறது. எந்த இடத்தில் பாரம் தாங்கமுடியாமல் போகிறதோ அந்த இடத்தில் அது கூடுதலாகச் சதை போட்டுக்கொள்ளும். வீக்கம், மேடு, பட்டையில் விழும் சுருக்கம் இவற்றைப் பார்த்தே உள்ளே எங்கே விரிசல், எங்கே பொத்தல் என்று ஓரளவு சொல்லிவிடலாம். இதைத் தெரிந்துகொண்டு வந்தவர் ஒரு ஏணியும் ஒரு சுத்தியலும் கேட்டு வாங்கியிருந்தால் போதும். அவர் ஒரு வாரியம் கேட்டு வாங்கினார்.

அதுதான் மர உடல்மொழி வாசிப்பு வாரியம். அதில் மரத்தைப் பார்ப்பவர்கள் யாரும் கிடையாது. பார்ப்பது சாதாரண ஜனங்கள் செய்கிற காரியம். வாரியத்தில் இருப்பவர்கள் மரத்தை வாசிப்பார்கள். இளநிலை வாசிப்பாளர், முதுநிலை வாசிப்பாளர், தலைமை வாசிப்பாளர் என்று மூன்று படிகள். அந்த வாரியத்தில்தான் என் மச்சானுக்கு வேலை கிடைத்தது.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்குப் பின்புறம் மதிலை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை உண்டு. அதில் என் மனைவி பள்ளிச் சீருடை தைக்கிறாள். அவளுக்குத் துணையாகப் பக்கத்துத் தெருவிலிருந்து பித்தான் அக்கா வருவார். காஜா எடுப்பது, பித்தான் தைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் வைத்த பித்தான் சட்டை கிழிந்தாலும் விழாது. யாராவது கழுத்துப் பித்தானைப் போடாமல் எதிரே வந்தால், பேசிக்கொண்டே கையை நீட்டிப் போட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார்.

மதிலுக்கு அந்தப்பக்கம் வாரியத்துக்குச் சொந்தமான ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அடிமரம் ஆள் உயரத்துக்கு மேல் போய் இரண்டாகப் பிரிகிறது. அதில் ஒரு பாதி தெருவைப் பார்த்துப் போயிற்று. இன்னொரு பாதி எங்கள் கொட்டகை மேல் வந்து படுத்துக்கொண்டது.

மச்சான் எங்கள் வீட்டிலேயே தங்கிப் படித்தவன். என் மனைவிக்குத் தம்பி என்பதைவிடப் பிள்ளை என்று சொல்வதுதான் சரி. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு எங்களை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

“மாமா, இங்க கை வச்சுப் பாருங்க” என்றான்.

வைத்தேன். அடியிலிருந்து மரம் இரண்டாகப் பிரிகிற கவை வரைக்கும் நெடுக ஒரு மேடு ஓடியது, மெலிந்தவன் விலா எலும்பு தட்டுப்படுகிற மாதிரி.

“உள்ள விரிசல் விட்டிருக்கு. மரம் அதை மூடப் பாக்குது. மூடி முடிக்கறதுக்குள்ள காத்து ஆட்டிவிட்டுடுது. மறுபடி மூடுது, மறுபடி விடுது. அப்படியே இந்த மேடு வளந்துடுச்சு. இந்த இடத்துல மட்டும் பட்டை வெளுத்திருக்கு பாருங்க. அப்ப இது பழைய கதை இல்ல, இப்ப நடந்துட்டிருக்கு. மேல அந்தக் கவையும் சரியில்ல. ரெண்டு கிளையும் ஒட்டாம, நடுவுல பட்டையைக் கடிச்சுக்கிட்டு நிக்குது.”

“இது விழுமாடா?” என்றாள் என் மனைவி.

“கொட்டகைப் பக்கத்துக் கிளையைக் குறைச்சிட்டா விழாது. இல்லன்னா கம்பி போட்டுக் கட்டணும். நீ ஏன் கவலைப்படற? நான் எதுக்கு உள்ள இருக்கேன்?”

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியும் என்று நானும் நம்பினேன். தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் “நம்ம பையன் உள்ள இருக்கான்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். மனுவும் கொடுத்தேன். கிளையைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான் மனு.

வாசிப்பு நாள் வந்தது. வந்தவர்கள் முதலில் மரத்தைச் சுற்றி நின்று வணக்கம் சொன்னார்கள். பிறகு என்னைப் பார்த்து, கட்டியிருந்த கையைப் பிரிக்கச் சொன்னார்கள். எதிரில் இருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் மரமும் மனசை மூடிக்கொள்ளுமாம். லேசாகக் காற்று வந்தது. உடனே வாசிப்பை நிறுத்திவிட்டார்கள். காற்றில் மரம் நடிக்கும் என்பது வாரியத்தின் கொள்கை. காற்று நின்று, மரம் நடிப்பதை விட்ட பிறகுதான் தொடர்ந்தார்கள்.

அப்போதுதான் அடிமரத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக்கோடு இருப்பதைக் கவனித்தேன். அது இடுப்புக்கோடு. அதற்குக் கீழே இளநிலை வாசிப்பாளரின் எல்லை. அதற்கு மேலே கவை வரைக்கும் முதுநிலை. கவைக்கு மேல் தலைமை. யாருடைய இடுப்பு என்று கேட்டேன். தலைமை வாசிப்பாளருடைய இடுப்பாம். முன்பு இருந்தவர் நெட்டை, அதனால் அந்தக் காலத்துக் கோடு ஒரு சாண் மேலே அழிந்தும் அழியாமலும் தெரிந்தது. இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிற பகுதி யாருடையது என்ற வழக்கு இன்னும் முடியவில்லை என்றார்கள். அதனால் அந்தச் சாணை யாரும் வாசிப்பதில்லை.

என் மச்சான் குனிந்து கோட்டுக்குக் கீழே பார்த்தான். முதுநிலை வாசிப்பாளர் கோட்டுக்கு மேலே பார்த்தார். நான் அவரிடம் போய், “ஐயா, இந்த மேடு கீழேர்ந்து மேல வரைக்கும் ஒரே ஓட்டமா ஓடுது பாருங்க” என்றேன்.

“நான் வாசிக்க ஆரம்பிக்கும்போதே மேடு இருந்துச்சு” என்றார் அவர். “அப்ப அது எனக்கு முன்னாடி ஆரம்பிச்ச விஷயம். முன்னாடி ஆரம்பிச்சதெல்லாம் கீழ்நிலையைச் சேர்ந்தது.”

மச்சானைப் பார்த்தேன். அவன் நிமிரவில்லை.

தலைமை வாசிப்பாளர் ஜீப்பில் உட்கார்ந்தபடியே உச்சியை வாசித்தார். அவருக்குத் தூரப்பார்வை சரியில்லை. என் கடையில்தான் கண்ணாடி போட்டார். ஆனால் வாசிப்பின்போது கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார். கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்தால் மரம் கூச்சப்படுமாம். நான் சோதித்த கண் அது. அந்தத் தூரத்தில் அது மரமா மேகமா என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

ஒருங்கிணைப்புக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். வாரிய அலுவலகத்தில் நீள மேசை, நாற்காலிகளில் துண்டு, சுவரில் மரங்களின் படங்கள். ஒரு எழுத்தர் எழுந்து வாசித்தார்.

“உச்சி, மகிழ்ச்சி. நடு, மௌனம். அடி, பெருமிதம். மூணையும் கூட்டிச் சராசரி எடுத்தா நிம்மதி. மரம் நிம்மதியா இருக்கு.”

எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. அடி, பெருமிதம் என்பது மட்டும் காதில் நின்றது. அடி என்பது என் மச்சான்.

“ஐயா, கூட்டிச் சராசரி எடுக்கறதுக்கு இது என்ன பரீட்சை மார்க்கா” என்றேன். “அந்த மேடு எதுக்கு இருக்குன்னு யாராவது ஒருத்தர் சொல்லுங்க.”

தலைமை வாசிப்பாளர் கோபப்படவில்லை. கோபப்படுவதற்குக்கூட ஒரு மரியாதை எதிராளிக்கு இருக்க வேண்டுமே.

“நல்லா இருக்கறவங்க நெஞ்சை நிமிர்த்தி நிப்பாங்க இல்லையா. அதுதான் அந்த மேடு” என்றார். “சரி, நான் ஒண்ணு கேக்கறேன். சாயங்காலம் ஆனா அந்த மரம் என்ன பண்ணுது?”

“இலையை மூடிக்குது.”

“தூங்குது. தினமும் தூங்குது, நேரத்துக்குத் தூங்குது. அழுத்தம் இருக்கறவனுக்குத் தூக்கம் வருமா? எனக்கெல்லாம் வர்றதே இல்ல. இந்த வாரியத்தோட பாரம் பூரா என் தலையில. அந்த மரத்தைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு.”

மேசையைச் சுற்றி எல்லோரும் அவருக்காக வருத்தப்பட்டார்கள்.

“அப்ப கிளைக்கு அடியில ஒரு முட்டாவது குடுத்துக்கறேன். என் சொந்தச் செலவு” என்றேன்.

“முட்டுக் குடுத்தா மரத்துக்குத் தன்னம்பிக்கை போயிடும்.”

“சரி, கொட்டகையைக் காலி பண்ணிடறோம்.”

இதற்குத்தான் அவர் முகம் மாறியது.

“தம்பி, ஒரு இடத்தை விட்டு எழுந்து போறதும் உடல்மொழிதான். இன்னிக்கு நீங்க நகருவீங்க. நாளைக்கு உங்களைப் பாத்து அடுத்த தெருக்காரன் நகருவான். நாங்க நிம்மதின்னு சொன்ன மரத்தடியிலேர்ந்து ஜனங்க நகர ஆரம்பிச்சா, அப்புறம் நாங்க எதுக்கு இருக்கோம்? மரம் பொய் சொல்லாது. மரம் சொன்னதைத்தான் நாங்க சொல்றோம். அதனால நாங்க சொல்றதும் பொய்யா இருக்க முடியாது. உங்களுக்குப் புரியுதில்லையா?”

புரிகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு அப்போது மச்சானைத் தனியாகப் பிடிக்க வேண்டியிருந்தது. படிக்கட்டில் பிடித்தேன்.

“விரிசல்னு என்கிட்ட சொன்னியேடா. பெருமிதம்னு எப்படிடா எழுதின?”

“மாமா, மெதுவாப் பேசுங்க. எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகல. மேல இருக்கறவர் மௌனம்னு எழுதிட்டாரு. கீழ நான் வலின்னு எழுதினா மரம் ரெண்டு பேச்சு பேசற மாதிரி ஆயிடும். மரம் பொய் சொல்லாதுங்கறதுதான் எங்க அடிப்படையே.”

“அப்ப அந்த மேடு?”

“என் எல்லைக்குள்ள அது முடியல மாமா. முடியாத விஷயத்தை நான் எப்படி எழுதறது?”

இதைச் சொல்லும்போது அவன் என் கண்ணைப் பார்த்தான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டிருந்தால் இன்னும் எங்கள் வீட்டுப் பிள்ளை என்று நினைத்திருப்பேன்.

என் மனைவி அன்றைக்கே மெஷின்களை நகர்த்த வேண்டும் என்றாள். என் கடை வாசலில் இடம் ஒதுக்கினோம். அதற்குள் மச்சான் ஓடிவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

“நகர்த்தாதக்கா. என் சொந்த அக்காவே என் வாசிப்பை நம்பலன்னு ஆபீஸ்ல பேசுவாங்க. என் வேலையே போயிடும். இன்னும் கொஞ்ச நாள். நிரந்தரமானதும் நானே தைரியமா எழுதறேன். அதுவரைக்கும் தினமும் வந்து பாக்கறேன். ஏதாவது தெரிஞ்சா முதல்ல உனக்குத்தான் சொல்லுவேன்.”

தம்பி கேட்டு அவள் எதை மறுத்திருக்கிறாள்? மெஷின்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. பித்தான் அக்காவுக்கு இந்த விவகாரம் அரைகுறையாகத்தான் தெரியும். மரத்தைப் பற்றி அவர் கேட்டபோது, “தம்பி பாத்துக்கறான்க்கா” என்றாள் என் மனைவி. “அப்பச் சரி” என்று அவரும் ஊசியில் நூலைக் கோத்தார்.

கொஞ்ச நாளில் இன்னொரு செய்தி வந்தது. வாரியம் ஆண்டுவிழா கொண்டாடுகிறது. ‘ஆண்டின் நிம்மதியான மரம்’ என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து மரியாதை செய்யப்போகிறார்கள். இருக்கிற மரங்களிலேயே அதிகமாக வாசிக்கப்பட்டது எங்கள் மரம்தான். காரணம் என் மனு. என் புகாரைச் சான்றாக வைத்தே அதற்குப் பரிசு கொடுத்துவிட்டார்கள்.

விழா சாயங்காலம், மரத்தடியிலேயே. பந்தல், ஒலிபெருக்கி, பெரிய மனிதர்களுக்குச் சோபா. சோபாவைக் கிளைக்குக் கீழே போடாமல் தெருவின் எதிர்ப்பக்கம் போட்டிருந்தார்கள். நிழலில் படம் சரியாக விழாது என்று காரணம் சொன்னார்கள்.

தலைமை வாசிப்பாளர் பேசினார். “இந்த வாரியம் ஆரம்பிச்ச நாளிலிருந்து நாங்கள் வாசித்த எந்த மரமும் விழுந்தது கிடையாது. சிலர் விழுந்திருக்கிறது என்கிறார்கள். அவர்களுக்கு அடிப்படை தெரியவில்லை. நிற்கிற வரைக்கும்தான் அது மரம். விழுந்துவிட்டால் கட்டை. கட்டைக்கு வேறு துறை. அந்தத் துறையின் குறைகளுக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாக முடியும்?”

பலத்த கைதட்டல். அடுத்து, பித்தளைத் தகடு ஒன்றை இடுப்புக்கோட்டில் அறைய வேண்டும். தகட்டின் மேல்பாதி கோட்டுக்கு மேலேயும் கீழ்ப்பாதி கோட்டுக்குக் கீழேயும் விழுந்ததால், மேலாணிகளை முதுநிலை வாசிப்பாளரும் கீழாணிகளை என் மச்சானும் அடித்தார்கள். மச்சான் அடிக்கும்போது சுத்தியல் ஒருமுறை நின்றது. அவன் மேட்டுக்குப் பக்கத்தில் விரலை வைத்துத் தடவினான். பிறகு காதைச் சாய்த்தான். முகம் வெளிறிப்போயிற்று. கூட்டத்தைப் பார்த்துக் கூச்சப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். மீதி ஆணியை அடித்துவிட்டுப் படத்துக்கு நின்றான்.

மறுநாள் காலையில் என் மனைவிக்குப் போன் வந்தது.

“அம்மாவுக்கு நெஞ்சு அடைக்குதாம், தம்பி சொல்றான். உடனே கிளம்பி வரச்சொல்றான்” என்று கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றாள். மறுநாள் கொடுக்க வேண்டிய சட்டைகள் கொட்டகையில் குவிந்து கிடந்தன.

“நீ போம்மா. அம்மாவை விடவா சட்டை முக்கியம்? இருக்கற பித்தானெல்லாம் நான் தச்சு முடிச்சிடறேன்” என்றார் பித்தான் அக்கா. அவள் அம்மா ஊருக்குப் பஸ் ஏறினாள். நான் கடைக்குப் போனேன்.

அன்றைக்குக் காற்றே இல்லை. கடையில் ஒருவருக்குக் கண் சோதித்துக்கொண்டிருந்தேன். லாரி கவிழ்ந்த மாதிரி ஒரு சத்தம். ஓடினேன். மரம் கவையிலிருந்து அடிவரைக்கும், அந்த மேடு ஓடிய வழியிலேயே, இரண்டாகக் கிழிந்திருந்தது. ஒரு பாதி நின்றது. ஒரு பாதி எங்கள் கொட்டகை மேல் கிடந்தது. தகரத்தை அறுத்துப் பித்தான் அக்காவை வெளியே எடுத்தார்கள். உயிர் இருந்தது. வலது கை மெஷினுக்கும் கிளைக்கும் நடுவில் மாட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் அந்தக் கையில் விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து என் மனைவிக்குப் போன் செய்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசினாள்.

“அம்மா துணி காயப்போட்டுட்டிருக்காங்க. என்னடி சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கறேன்னு கேக்கறாங்க. இவன் எதுக்கு அப்படிச் சொன்னான்?”

எதற்கு என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. முதலில் உனக்குத்தான் சொல்லுவேன் என்று அக்காவிடம் சொன்னவன் அல்லவா? சொன்னபடி செய்திருக்கிறான். அவளுக்கு மட்டும் சொல்லியிருக்கிறான்.

வாரியம் அன்று மாலையே வந்தது. முதல் காரியமாகப் பித்தளைத் தகட்டைக் கழற்றினார்கள். பிறகு, நிற்கிற பாதி மரம் என்றும் விழுந்த பாதி கட்டை என்றும் பிரித்துக் கோடு போட்டார்கள். நிற்கிற பாதியை மீண்டும் வாசித்ததில் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

விசாரணையும் நடந்தது. தலைமை வாசிப்பாளர் பேசியதை அப்படியே சொல்கிறேன், ஒரு எழுத்தைக்கூட நான் சேர்க்கவில்லை.

“அந்த மரம் ரொம்பத் தெளிவாப் பேசியிருக்கு. எவ்வளவு தெளிவுன்னா, ஒரு கண்ணாடிக் கடைக்காரருக்கே புரிஞ்சிருக்கு. மனு குடுத்திருக்காரு, முட்டுக் குடுக்கறேன்னாரு, காலி பண்றேன்னாரு. இவ்வளவு புரிஞ்ச மனுஷன், ஒரு அம்மாவை அங்க உக்கார வச்சுட்டுப் போயிருக்காரே. இதுல வாரியத்தோட தப்பு எங்க இருக்கு?”

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

அந்த வாரமே மச்சானுக்கு வேலை நிரந்தரமாயிற்று. கையோடு பதவி உயர்வும் வந்தது. இப்போது அவன் இடுப்புக்கோட்டுக்கு மேலே வாசிக்கிறான். பழங்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். என் மனைவி அவனை உட்காரச் சொல்லவில்லை.

“முந்தின நாளே உனக்குத் தெரியுமாடா?”

“ஆணி அடிக்கும்போது விரிசல் வாயைத் திறந்துடுச்சுக்கா. விரல் உள்ள போச்சு. அன்னிக்கு ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்ல.”

“பித்தான் அக்கா அங்கதான் உக்காந்திருப்பாங்கன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். வெளி மனுஷங்ககிட்ட எப்படிக்கா சொல்றது? நாலு பேருக்குத் தெரிஞ்சா என் வாசிப்பு தப்புன்னு ஆயிடும். நீ சொந்தம், வெளிய சொல்ல மாட்ட. உன்னைக் காப்பாத்தினேனேக்கா.”

அவள் பழப்பையை எடுத்து அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள். அவன் என்னைப் பார்த்தான். நான் வளர்த்த பிள்ளையும்தான் அவன். வாசல் கதவை நான்தான் சாத்தினேன்.

மறுநாள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பித்தான் அக்கா கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றார். என் மனைவியின் கையை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

“உன்னைத்தான் நினைச்சுட்டிருந்தேன். அம்மாவுக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?”

நல்லா இருக்காங்க என்று சொல்லிவிட்டால் போதும், பேச்சு அதோடு முடிந்துவிடும். முடித்துவிடு என்றுதான் நானும் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். அவள் முடிக்கவில்லை.

“அம்மாவுக்கு அன்னிக்கும் ஒண்ணுமில்லக்கா. மரம் விழப்போறது தம்பிக்குத் தெரிஞ்சிருக்கு. பொய் சொல்லி என்னை மட்டும் கூப்பிட்டுக்கிட்டான்.”

பித்தான் அக்கா கையை விடவில்லை. பக்கத்துக் கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டார்கள், நர்ஸ் போனார். பிறகு அக்கா என் மனைவியைப் பார்த்து, கோபமே இல்லாத குரலில் கேட்டார்.

“எனக்கும் ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாமேம்மா அவன். நான் நம்பியிருப்பேனே.”